பழுதுபார்ப்பவரின் கடன்

நூற்றைம்பது வயதான ஒரு ரிவால்வர் கைக்கு வந்தால், தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் முதலில் குழலைப் பார்ப்பதில்லை. திருகாணிகளின் தலையைத்தான் பார்க்கிறார். தலையில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் விளிம்புகள் கூராகவும் நேராகவும் நின்றால், இதுவரை அதைத் திறந்தவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள் என்று அறிந்துகொள்கிறார். விளிம்பு பிதுங்கி, பள்ளம் அகன்று, சுற்றியுள்ள உலோகத்தில் கீறல் ஓடியிருந்தால், எவரோ கைக்கு அகப்பட்ட திருப்புளியை வைத்து அழுத்தித் திருகியிருக்கிறார். இரும்பில் பட்ட காயம் தானாக ஆறாது. அதை மறைக்க அராவினால் இன்னும் கொஞ்சம் உலோகம்தான் போகும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் அலகு நுனியை நோக்கி ஆப்புபோலச் சரிந்து இளைக்கும். பள்ளத்துக்குள் வைத்தால் அது மேல் விளிம்பை மட்டும் தொட்டு நிற்கும். முறுக்கும்போது மேலேறி வழுக்கும். பழைய ரிவால்வர்களின் திருகாணிப் பள்ளங்களோ மிகக் குறுகலானவை. சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையானவை. அவற்றுக்கு அலகின் இருபுறமும் உட்குழிவாகச் சாணை பிடித்த திருப்புளி வேண்டும். அதன் நுனி பள்ளத்தின் அடிவரை இறங்கி இறுகப் பொருந்த வேண்டும். அகலம் திருகாணித் தலையைத் தாண்டக் கூடாது. ஒரே ரிவால்வரில் பள்ளத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆகவே இந்தத் தொழிலில் ஊன்றியவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அலகைத் தாமே சாணை பிடித்துக்கொள்கிறார்கள். வாங்கி வந்ததையும் அப்படியே பயன்படுத்துவதில்லை.

திருப்புளியோடு தேடல் முடிவதில்லை. கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி மாடலை எடுத்துக்கொள்வோம். தோட்டா உறை பரவலாவதற்கு முந்தைய காலத்தது. சிலிண்டரின் பின்புறம் ஆறு சிறு முளைகள் திருகப்பட்டிருக்கும். தட்டினால் வெடிக்கும் சிறு மூடியான கேப் பொருந்துவது அவற்றின் மேல்தான். அந்த முளைகளைத் துப்பாக்கிக்காரர்கள் நிப்பிள் என்பார்கள். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுப்பதால் அவை துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒன்றிப்போகும். அவற்றைக் கழற்ற, நிப்பிளின் இரு பட்டைப் பக்கங்களையும் சரியாகக் கவ்வும் தனி ஸ்பானர் வேண்டும். ஒரு மயிரிழை தளர்வாக இருந்தாலும் பட்டைகள் வட்டமாகிவிடும். அதன்பின் துளையிட்டு எடுப்பது தவிர வழியில்லை. குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆப்பைத் தட்டியெடுக்க, உருக்கைக் காயப்படுத்தாத பித்தளையோ மரமோ கொண்ட சுத்தியல் வேண்டும். ஆடம்ஸ் போன்ற பிரிட்டிஷ் ரிவால்வர்களில் ‘வி’ வடிவ ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து வெளியே எடுக்கச் சிறு கவ்வி வேண்டும். நீளத் துப்பாக்கிகளுக்கான கவ்வி அந்தக் குறுகிய சட்டகத்துக்குள் நுழையாது. சிலிண்டரின் அறை குழலோடு ஒரே கோட்டில் நிற்கிறதா என்று சோதிக்கும் துல்லியக் கோல் இன்றைய அளவுகளில் விற்கிறது; பழைய அளவுக்கு லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தக் கருவிகள் ஏன் கிடைப்பதில்லை? சந்தை சிறியது என்பது ஒரு விடை. அதைவிட ஆழமான விடை அந்த ரிவால்வர்கள் பிறந்த விதத்தில் இருக்கிறது.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சனில் அவர் தொடங்கிய முதல் நிறுவனம் 1842இல் மூடப்பட்டது. 1847இல் அமெரிக்க அரசு ஆயிரம் ரிவால்வர்கள் கேட்டபோது, சொந்த ஆலை இல்லாததால் இளைய எலி விட்னியின் பட்டறையில் அவற்றைச் செய்வித்தார். 1855இல் ஹார்ட்ஃபோர்டில் ஆற்றங்கரையில் எழுந்த அவருடைய பேராலை அந்தக் காலத்தின் வியப்புகளில் ஒன்று. எலிஷா ரூட் என்ற பொறியாளரின் மேற்பார்வையில், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி இயந்திரம் அடுத்தடுத்து வெட்டியது. எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும் என்பதே அந்த முறையின் பெருமை. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ட் ரிவால்வர்களையும், வெர்மான்ட் மாநிலத்தின் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் செய்த துப்பாக்கிகளையும் கண்ட பிரிட்டிஷார், சில ஆண்டுகளில் என்ஃபீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கினார்கள். கோல்ட்டும் லண்டனில் பிம்லிகோ பகுதியில் ஓர் ஆலை நடத்தினார்.

அந்தப் பெருமைக்கு அடியில் இருந்த உண்மையை ரிவால்வரே சொல்கிறது. ஒரு பழைய கோல்ட்டைப் பிரித்தால், சட்டகத்திலும் குழலிலும் சிலிண்டரிலும் ஆப்பிலும் ஒரே எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ பொறித்திருக்கும். இயந்திரம் வெட்டிய பாகங்களை, உலோகம் மென்மையாக இருக்கும்போதே தொழிலாளி அரத்தால் அராவி ஒன்றோடொன்று பொருத்தினார். பொருந்தியபின் அவற்றில் ஒரே எண் பொறித்தார்கள், பிரித்தார்கள், தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்கினார்கள், அந்த எண்ணைக் கொண்டே மறுபடி சேர்த்தார்கள். எல்லாப் பாகமும் எல்லாவற்றிலும் பொருந்தியிருந்தால் அந்த எண்களுக்குத் தேவையே இருந்திராது. கையின் வேலையை ஒழித்துவிட்டதாகச் சொன்ன ஆலையின் ஒவ்வொரு பொருளிலும் கையின் வேலை எண்ணாகப் பதிந்திருக்கிறது.

பழுதுபார்ப்பவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நேவி ரிவால்வர்கள் செய்யப்பட்டன. இத்தனை இருந்தும், கேப்பை அடிக்கும் குதிரையை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால் நேராகப் பொருந்தும் என்று நம்ப முடியாது. அன்று ஒரு தொழிலாளி அரத்தோடு செய்த பொருத்தத்தை இன்று ஒருவர் மறுபடி செய்ய வேண்டும். விளக்குப் புகையின் கரியை ஒரு முகத்தில் பூசி, பொருத்தி, எடுத்து, கரி எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியை மட்டும் அராவும் பழைய முறையே இன்றும் நம்பத்தக்கது.

திருகாணி மரையின் கதையும் இதுவே. பொதுவான மரை அளவு ஒன்று வேண்டும் என்று ஜோசப் விட்வொர்த் 1841இல் இங்கிலாந்தில் முன்மொழிந்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். நுண்கருவிகளின் சிறு திருகாணிகளுக்கான பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு 1884இல்தான் வந்தது. அதன் கோணம் 47.5 பாகை. ஒரு பொது அளவு முன்மொழியப்படுவது ஒன்று, பட்டறைகள் அதை ஏற்பது வேறு. ஒவ்வொரு துப்பாக்கி ஆலையும் மரை வெட்டும் கருவியான டேப்பைத் தானே செய்துகொண்டு, தன் மரையைத் தானே தீர்மானித்தது. அந்த டேப்புகள் ஆலைக்கு வெளியே விற்கப்படவில்லை. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டு ஆலையின் ரிவால்வர் பகுதி தீக்கிரையானது. இயந்திரங்களும் அதோடு எரிந்தன. ஆகவே இன்று ஒரு திருகாணி தொலைந்தால், மரையின் இடைவெளியை அளந்து, அதற்கென ஒரு டேப்பையே வெட்டிக்கொள்ள வேண்டிய நிலை வருகிறது.

இந்த இடத்தில்தான் சபலம் குறுக்கிடுகிறது. பழைய கோல்ட் மாடல்களின் நகல்கள் 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில், கார்டோனே வால் ட்ரோம்பியா வட்டாரத்தில் செய்யப்பட்டு வருகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது அவற்றுக்குப் பெரும் சந்தை உருவாயிற்று. அவற்றின் உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அவற்றின் மரை மெட்ரிக் அளவில் உள்ளது. நகலின் திருகாணியைப் பழைய சட்டகத்தில் இறக்க ஒரு வழிதான் உண்டு: சட்டகத்தின் மரையை வெட்டியெறிந்துவிட்டுப் புதிய மரை போடுவது. சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிடும். ரிவால்வர் மறுபடி சுழலும். ஆனால் 1850களில் ஒரு பட்டறையில் எந்த டேப்பால் அந்தத் துளை வெட்டப்பட்டது என்பதற்கான ஒரே சாட்சி தரையில் இரும்புத்தூளாகக் கிடக்கும்.

பழுதுபார்ப்பின் அறம் முழுவதும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கருவி பொருந்தாதபோது எதை மாற்றுவது, கருவியையா பொருளையா? கருவியை மாற்றுவதற்கு நாட்கள் ஆகும், அறிவு வேண்டும், பலமுறை தோற்க வேண்டும். பொருளை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும். சரியான கருவியைத் தேடி அலைபவர் நேரத்தை வீணடிப்பவர் என்று தோன்றலாம். உண்மையில் அவர் தாம் பார்த்தறியாத ஒரு தொழிலாளியின் உழைப்பைக் காப்பாற்றுகிறார்.

அந்தத் தொழிலாளிகளின் உலகம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பர்மிங்காமின் துப்பாக்கிப் பேட்டையில் ஒரு துப்பாக்கி பல கைகள் வழியாகச் சென்றது: குழல் துளைப்பவர், பொறியை அராவுபவர், மரக்கட்டை பொருத்துபவர், செதுக்குபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு சிறு பட்டறை. 1813இல் அமைந்த சோதனைக் கூடம் இன்னும் இயங்குகிறது. ஆனால் சுற்றியிருந்த பட்டறைகளில் பல 1960களின் சாலைப் பணிகளோடும் நகரச் சீரமைப்போடும் இடிந்தன. பெல்ஜியத்தின் லியேஜ், ஸ்பெயினின் ஐபார், ஆஸ்திரியாவின் ஃபெர்லாக், அமெரிக்காவில் கொலராடோவின் டிரினிடாட் ஆகிய ஊர்களின் தொழிற்பள்ளிகள் இந்தக் கைவேலையைக் கற்பித்து வந்திருக்கின்றன. அயோவா மாநிலத்தின் மான்டிசூமா என்னும் சிற்றூரில் பாப் பிரௌனெல் 1939இல் தொடங்கிய நிறுவனம் துப்பாக்கிக் கொல்லர்களுக்கான கருவிகளை விற்பதையே தொழிலாக வளர்த்தெடுத்தது. கருவிகளோடு, கொல்லர்கள் எழுதியனுப்பிய உத்திகளையும் அவர் தொகுத்து 1969இல் நூலாக்கினார். உத்திகளில் பல, இல்லாத கருவியைத் தாமே செய்துகொண்ட கதைகள். கடையில் கிடைக்காததைப் பற்றிய அறிவையும் ஒரு கடைக்காரர் சேர்த்துவைத்தார் என்பது இந்தத் தொழிலின் தன்மையைச் சொல்கிறது. இங்கே கருவியும் அறிவும் பிரியாதவை.

இவ்வளவு அக்கறையும் எந்தப் பொருளின் மேல்? இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு ரிவால்வரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. இது மனிதரைக் கொல்லவென்றே செய்த கருவி. 1844இல் டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற படையினர் கோமான்ச்சி பழங்குடியினரோடு மோதியபோது கோல்ட்டின் பேட்டர்சன் ரிவால்வர்களை ஏந்தியிருந்தார்கள். பல முறை தொடர்ந்து சுடும் ஆயுதத்தின் முன் அந்த மக்களின் போர்முறை நிலைகுலைந்தது. அந்த மோதலின் காட்சி பின்னர் 1847 மாடலின் சிலிண்டரில் அலங்காரமாகப் பொறிக்கப்பட்டது, செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி. 1857 எழுச்சியின்போது இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் பலரின் இடுப்பில் ஆடம்ஸோ கோல்ட்டோ இருந்தது.

அப்படியானால் துருப்பிடித்து அழியட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். சிலிண்டரில் உள்ள அந்தக் காட்சியையே பாருங்கள். தன்னை எதிர்த்தவர்களின் சாவைத் தன் பொருளுக்கு அலங்காரமாக்கிய ஒரு சமூகத்தின் வாக்குமூலம் அது. அதை எந்த ஆவணமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. பளபளப்புக்காகச் சிலிண்டரைத் துணிச்சக்கரத்தில் தேய்ப்பவர் அந்த வாக்குமூலத்தை அழிக்கிறார். மயிரிழை ஆழமுள்ள அந்தக் கோடுகள் துருவுக்குத் தப்பினாலும் ஆர்வக்கோளாறுக்குத் தப்புவது கடினம். கொலைக்கருவியைக் காப்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால், அது கொல்லப்பட்டவர்களின் தரப்பிலிருந்து வர வேண்டும்: நடந்தது அழிக்கப்படாமல் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு அருகில் ஒரு நிகழ்வு உண்டு. 1928 டிசம்பரில் லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் கொல்லப்பட்ட வழக்கில் பகத்சிங்கோடு தொடர்புடைய .32 கோல்ட் கைத்துப்பாக்கி பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையின் இந்தூர் ஆயுதப் பள்ளி அருங்காட்சியகத்தில்தான் அது இருந்தது. துருப்பிடிக்காமலிருக்க அங்கே ஆயுதங்களின் மேல் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணத்தை நீக்கியபோது எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தின் எண்ணோடு ஒத்துப்போயிற்று. அது ரிவால்வர் அல்ல, தானியங்கிக் கைத்துப்பாக்கி. ஆனால் பாடம் ஒன்றுதான். காப்பாற்ற நினைத்துப் பூசிய வண்ணமே அடையாளத்தை மறைத்தது. அதே வேலையை அரத்தாலோ மணல்தாளாலோ ஒருவர் செய்திருந்தால் அந்த எண் என்றைக்கும் திரும்பியிருக்காது.

சட்டமும் பழுதுபார்ப்பவரையே நடுவில் நிறுத்துகிறது. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதுகிறது. பிரிட்டன் நீண்ட காலம் திட்டமான வரையறை இல்லாமல் இருந்துவிட்டு, 2021இல் விதிகளை இறுக்கியது. வழக்கொழிந்த தோட்டாவுக்கான ரிவால்வர்களை அலங்காரப் பொருளாக வாங்கி, அவற்றுக்குத் தோட்டா செய்து குற்றவாளிகள் பயன்படுத்தியதே காரணம். ஏழு தோட்டா வகைகள் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன; அவற்றில் 1873 ஆம் ஆண்டின் பிரெஞ்சு ராணுவ ரிவால்வருக்கானதும் ஒன்று. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது: வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடப் பயன்படாததாக இருக்க வேண்டும். பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். ஒரு பொருள் நினைவுச்சின்னமா ஆயுதமா என்பதை, அதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியே தீர்மானிக்கிறது. தேடிக் கண்டெடுத்த கருவி அந்தக் கோட்டைக் கடக்கச் செய்யும் வல்லமை உடையது. அந்த வல்லமையைக் கையில் வைத்திருப்பவர் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்க முடியாது.

உலோகத்தைக் காக்கும் கலை நமக்கு அந்நியமானதல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையால் பழைய வெண்கலப் பொருட்களைப் பாதித்திருந்த அரிமானத்தை நீக்கினார். புதிதுபோல் ஆக்குவது இத்தகைய ஆய்வகங்களின் நோக்கம் அல்ல. மேலும் அழியாமல் நிறுத்துவதும், இருப்பதைப் படிக்கும்படி வைப்பதும்தான் நோக்கம். ரிவால்வருக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த அளவுகோலிலிருந்து சில கடமைகள் நேராகவே பிறக்கின்றன. மூலப்பாகம் உடைந்திருந்தாலும் அதை எறியாமல் பொருளோடு வைக்க வேண்டும். புதிதாகச் செய்த பாகத்தில், பிரித்தால் தெரியும் இடத்தில், செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். பழைய எண்ணைப் போலியாகப் பொறிப்பது விலையை உயர்த்தலாம், ஆனால் அது பொய். செய்த டேப்பையும் கோலையும் திருப்புளி அலகையும், எந்த ரிவால்வருக்கு, என்ன அளவில் என்று எழுதிப் பாதுகாக்க வேண்டும். காட்சிக்கோ ஆய்வுக்கோ உரிய ரிவால்வரின் பொறி இயங்குவது போதும்; அதைச் சுட வைப்பது வேலையின் வெற்றிக்கு அடையாளமாகாது.

அருங்காட்சியகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியத்தில் கோல்ட்டின் மனைவி எலிசபெத் விட்டுச்சென்ற ரிவால்வர்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. வெர்மான்ட்டில் ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் ஆலையின் கட்டடமே இன்று இயந்திரக் கருவிகளின் அருங்காட்சியகம். பொருளைக் காப்பவர்கள் எங்கும் உண்டு. பொருளைச் செய்த கருவியையும் காக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் குறைவு. துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் மறைந்தபின் அவருடைய பெட்டியிலிருக்கும் வளைந்த கம்பியும் தேய்ந்த அரமும் எதற்கானவை என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது. பெயரெழுதாத கருவி, உரியவர் போனதும் வெறும் இரும்பு. அந்தப் பெட்டிகளை, உரியவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் வாயால் விளக்கம் கேட்டுப் பதிவுசெய்வது பெருஞ்செலவுள்ள வேலையல்ல.

ஆயுதத்தின் மேல் மோகம் கொண்டவர்களுக்கு இந்த நிதானம் பிடிக்காது. ஆயுதத்தை வெறுப்பவர்களுக்கு இந்த அக்கறையே புரியாது. இரு தரப்புக்கும் நடுவே நின்று, ஒரு கொலைக்கருவியை அது என்னவாக இருந்ததோ அதுவாகவே, கூட்டாமல் குறைக்காமல், அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது கடினமான வேலை. செய்தவரின் திறமையும் சுடப்பட்டவரின் துயரமும் அந்த ஒரே இரும்பில்தான் இருக்கின்றன. ஒன்றை அழித்து மற்றதைக் காக்க முடியாது. சரியான கருவி கிடைக்கும்வரை திருகாணியைத் தொடாமல் காத்திருப்பவர் அந்த இரண்டுக்கும் மரியாதை செய்கிறார்.